அக்கா கடையில் ஒரு சார்

அக்கா கடையில் யாரையும் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. கேட்டால் வந்தவர் புதியவர் என்று அர்த்தம்.

பழையவர்கள் உள்ளே வந்ததும் அலமாரியில் கவிழ்த்திருக்கும் தட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே சமையல்கட்டுக்குப் போவார்கள். பாத்திரங்களின் மூடியைத் திறந்து பார்ப்பார்கள். அக்கா கரண்டிக் காம்பால் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டுவாள். "அது உனக்கில்லை. நேத்துதானே வயிறு சரியில்லைன்னு அழுதே? சூப்பை எடு." எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். தனக்குப் பிடித்ததைச் சாப்பிட நினைக்கிறவர்கள் அந்தக் கடைக்கு இரண்டாம் முறை வருவதில்லை. மற்றவர்கள் வருவதை நிறுத்துவதில்லை.

அவன் நிறுத்தாதவர்களில் ஒருவன். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அக்கா அவனுக்கு ஐஸ் என்று பெயர் வைத்திருந்தாள். நாற்பத்தைந்து வயதில் தலை நரைத்த பிறகும் அந்தத் தெருவில் அவனுக்கு அதுதான் பெயர்.

"ஐஸ்னு பேர் வெச்சு என்ன பிரயோஜனம்? என்னிக்காவது சாப்பாடு நல்லாருக்குன்னு எனக்கு ஐஸ் வெச்சிருக்கியாடா?"

"நல்லாருந்தாத்தானேக்கா வெக்க முடியும்."

கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அக்காவின் கணவர். அதனால் கடைக்கு வருகிற எல்லோருக்கும் மாமா. அவர் தலையைத் தூக்காமலே, "பையன் பொய் சொல்ல மாட்டான்" என்பார். அவருக்கும் சேர்த்து விழும்.

மனைவி பிரிந்து போன வாரம், பழக்கதோஷத்தில் அவன் அலமாரியிலிருந்து இரண்டு தட்டுகளை எடுத்துவிட்டான். அக்கா ஒன்றை வாங்கித் திரும்ப வைத்தாள்.

"போனவ வர மாட்டாளா?"

"மாட்டாக்கா."

"சரி, உக்காரு."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு மதியமும் இரவும் அவன் அங்கேதான் சாப்பிட்டான். காய்ச்சலில் படுத்தால் மாமா பாத்திரத்தோடு வந்து கதவைத் தட்டுவார். அவன் வீட்டுச் சாவிகளில் ஒன்று கல்லாப் பெட்டியில் கிடந்தது.

பக்கத்துத் தெருவில் மஞ்சள் போர்டு வந்தது. பல ஊர்களில் கிளை உள்ள பெரிய ஹோட்டல் கம்பெனி. எந்த ஊரில் நுழைந்தாலும் அதே நாற்காலி, அதே விளக்கு, அதே சிரிப்பு. அதற்கு ஒரு பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. வந்த புதிதில் அக்கா கடையில் இரண்டு மேசைகள் காலியாயின. கொஞ்ச நாளில் அவையும் நிரம்பிவிட்டன. வந்து உட்கார்ந்தவர்கள் மஞ்சள் போர்டில் வேலை செய்பவர்கள்.

"அங்கே உங்களுக்கு ஓசியிலேயே போடுவானேடா. இங்கே ஏன் வர்றீங்க?" என்று அக்கா அங்குள்ள செக்யூரிட்டிக்காரனைக் கேட்டாள்.

"அங்க சாப்பிட்டா சாப்பிட்ட மாதிரியே இல்லைக்கா. திட்டறதுக்கு ஆளில்லை."

"காசு கொடுத்துத் திட்டு வாங்கற ஜென்மங்க" என்றாள் அக்கா. அன்று முழுவதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

வெளியூரிலிருந்த அவனுடைய அண்ணன், தம்பிக்கு இன்னொரு கல்யாணம் செய்துவைக்க வேண்டும் என்று விடாப்பிடியாக இருந்தார். ஒருமுறை பெண் வீட்டார் அவனைப் பற்றி விசாரிக்க அக்கா கடைக்கே வந்தார்கள். அக்கா அவர்களை உட்கார வைத்துப் பரிமாறிவிட்டு மனம் விட்டுப் பேசினாள். "தங்கமான பையன். கஞ்சத்தனம் கிடையாது, குடி கிடையாது. சொன்ன நேரத்துக்கு மட்டும் வர மாட்டான். துணியை நான் சத்தம் போட்டாத்தான் துவைப்பான். அதுக்கென்ன, நீங்க சத்தம் போடுங்க." அவர்கள் கை கழுவிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. தான் அவனுக்குச் சிபாரிசு செய்ததாகத்தான் அக்கா இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அதனால் இந்த முறை அவன் அக்காவிடம் மூச்சு விடவில்லை.

அண்ணன் புதிதாகப் பார்த்திருந்த பெண், பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் இருந்தாள். அவளும் ஒரு கல்யாணத்தைப் பார்த்து முடித்தவள். போனில் குரல் நன்றாக இருந்தது. எங்கே பார்க்கலாம் என்று கேட்டாள்.

"மஞ்ச போர்டு?" என்றான் உடனே.

"அங்கேயா? உங்களுக்கு அங்கே பழக்கமா?"

"யாருக்கும் பழக்கமில்லாத இடம். அதான்."

அவள் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா கடைக்குப் போய், மதியம் வர முடியாது, மீன் கிடங்கில் கூலிங் நின்றுவிட்டது, சாயங்காலம்வரை அங்கேதான் என்றான். போனில் சொல்லியிருக்கலாம். நேரில் போனதுதான் வினை.

"ஞாயித்துக்கிழமையிலே ஏதுடா வேலை? இதென்ன புதுச் சட்டை?"

"பெரிய முதலாளிக்கா. நேர்ல வருவாராம்."

"முதலாளி வந்தா வயிறு நிறைஞ்சுடுமா? இரு." ஒரு டப்பாவில் சோறும் முட்டையும் வைத்து மூடி, ரப்பர் பேண்டு போட்டுக் கையில் கொடுத்தாள். "பசியோட கரண்ட்ல கை வெக்காதே."

டப்பாவை பைக்கின் டூல்ஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு அவன் மஞ்சள் போர்டுக்குப் போனான். வாசலில் செக்யூரிட்டிக்காரன் அவனைப் பார்த்தான், அவனுக்குப் பின்னால் வந்த பெண்ணைப் பார்த்தான், எதையும் பார்க்காதவன்போல் கதவைத் திறந்துவிட்டான்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. குனிந்து வணக்கம் சொன்னார்கள். படம் போட்ட அட்டை கொடுத்தார்கள். பரிமாறியவன் இரண்டு முறை வந்து, எல்லாம் திருப்தியா சார் என்று கேட்டான். அவள், டாக்டர் வாயைத் திறங்க என்றதும் கடவுளைக் கூப்பிடுகிறவர்களைப் பற்றிச் சொன்னாள். பல்லைப் பிடுங்க வந்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரரின் பல்லைக் காட்டியவரைப் பற்றிச் சொன்னாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். கடைசியாக ஒரு பெண்ணின் எதிரில் அப்படிச் சிரித்தது எப்போது என்று அவனுக்கு நினைவில்லை. தட்டு காலியாகிவிட்டது. பசி இருந்தது. பேச்சும் இருந்தது.

"இருங்க, வந்துடறேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

பதற்றமாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்க மாட்டான். சந்தோஷமாக இருந்தான். ஆடும் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய், முதலில் கண்ணில் பட்ட பாத்திரத்தின் மூடியைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்தான்.

யாரோ கத்தினார்கள். மூடி கைநழுவித் தரையில் விழுந்து உருண்டது. தலையில் வலைத்தொப்பி போட்ட நாலைந்து பேர் அவனைச் சுற்றி நின்றார்கள். மேனேஜர் வந்தார். சின்ன வயது. சத்தம் போடவில்லை.

"சார், இங்கே எதுக்கு வந்தீங்க?"

"இன்னும் கொஞ்சம் எடுத்துக்கலாம்னு..."

"எடுத்துக்கவா?"

அவன் கையிலிருந்த தட்டைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே புரிந்தது.

அவன் மூடியைத் திறந்த பாத்திரத்தில் இருந்ததை முழுவதும் கொட்டச் சொல்லிவிட்டார் மேனேஜர். பிறகு அவனை வெளியே அழைத்துவந்து அவன் மேசையின் அருகிலேயே நிறுத்தி, அடையாள அட்டை கேட்டார். அது பழைய சட்டையில் இருந்தது. யார் அனுப்பினார்கள் என்று கேட்டார். யாரும் அனுப்பவில்லை, நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் என்றான். எங்க ஃப்ரிட்ஜைப் பார்க்க உங்களை யார் கூப்பிட்டாங்க என்றார். யாரும் கூப்பிடவில்லை, சாப்பிட வந்தேன் என்றான். சொல்லச் சொல்லக் கெட்டுக்கொண்டே போயிற்று. பக்கத்து மேசைகளில் சாப்பாடு நின்றுவிட்டது. அந்தப் பெண் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

செக்யூரிட்டிக்காரனுக்கு மனசு கேட்கவில்லை. அவன்தான் வாயைத் திறந்தான்.

"சார், இவரை எனக்குத் தெரியும். அக்கா கடை ஆளு."

வாடிக்கையாக வருகிறவர் என்ற அர்த்தத்தில்தான் சொன்னான். அந்தத் தெருவில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. மேனேஜர் அந்தத் தெருக்காரர் இல்லை.

"ஓ. அந்தக் கடையில வேலை பாக்கறவரா?" என்றார். "இங்கே என்ன செய்றோம்னு பாத்துட்டு வரச் சொன்னாங்களா?"

"ஐயோ, இல்லை சார். ஆளுன்னா அந்த ஆளு இல்லை. நான் அக்காவுக்கே போன் போடறேன். அவங்களே வந்து சொல்லட்டும்."

"வேணாம்" என்றான் அவன். யார் காதிலும் விழவில்லை.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "உங்களுக்கு அக்கா இருக்காங்களா? உங்க அண்ணன் சொல்லவே இல்லையே."

எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"ஆமா" என்றான். "எங்க அக்காதான்."

அவனைக் கேட்டால் அது பொய்யில்லை.

ஞாயிறு மதியம் அக்கா கடையில் நிற்க இடமிருக்காது. அந்த நேரத்தில் அவள் அடுப்பை விட்டு நகர்ந்ததை யாரும் பார்த்ததில்லை. அன்று செக்யூரிட்டிக்காரனின் போன் வந்ததும் நகர்ந்தாள். ஏப்ரனோடு, கையில் ஒட்டிய மாவோடு, தெருவைக் கடந்து வந்தாள். கதவுக்கு வெளியிலேயே அவள் குரல் கேட்டது.

"எவன்டா அவன் எங்க பையனை வேவு பாக்க வந்தவன்னது? மீன் கிடங்குக்குப் போனவனை இங்கே எதுக்குப் புடிச்சு வெச்சிருக்கீங்க? வேலை செய்ய வந்த எடத்துல..."

உள்ளே வந்தாள். அவனைப் பார்த்தாள். புதுச் சட்டையைப் பார்த்தாள். மேசையில் இரண்டு தட்டுகள். எதிரில் ஒரு பெண்.

அக்கா ஏப்ரனில் கையைத் துடைத்தாள். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"மேடம், இவர் உங்க ஆளா?" என்றார் மேனேஜர்.

"இல்லைங்க" என்றாள் அக்கா. இவ்வளவு மெல்லிய குரல் அவளிடம் இருப்பது அவனுக்குத் தெரியாது. "எங்க ஆள் இல்லை. கஸ்டமர். சார் எங்க கடைக்கு அப்பப்ப சாப்பிட வருவார். நல்ல மனுஷர். வேவு பாக்கறவர் இல்லை."

"அக்கா..." என்றான்.

"நீங்க சாப்பிடுங்க சார்."

மேனேஜருக்கு அது போதும். மன்னிப்புக் கேட்டார். இருவருக்கும் ஐஸ்கிரீம் கொண்டுவரச் சொன்னார். அக்கா வாசலை நோக்கி நடந்தாள். அவன் பின்னாலேயே ஓடினான்.

"அக்கா, சொல்லக் கூடாதுன்னு இல்லைக்கா. முடிவானதும்..."

"அந்த டப்பாவை மட்டும் குடுத்துடுங்க சார். கடைப் பாத்திரம்."

அவன் டூல்ஸ் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். கனத்தது. ரப்பர் பேண்டு அப்படியே இருந்தது. அவள் அதை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துத் தெருவைக் கடந்தாள்.

திரும்பி வந்தபோது ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது.

"உங்க அக்கா ஏன் உங்களைச் சார்ங்கறாங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"கூடப் பிறந்த அக்கா இல்லை. கடைக்கார அக்கா."

"நான் கேட்டப்போ ஆமான்னீங்களே."

"ஆமா."

"அப்போ அது பொய்."

"இல்லை."

அவள் கொஞ்சம் யோசித்தாள். கோபமாக இல்லை. கணக்குச் சரியாக வராதவள்போல் இருந்தாள். "அவ்வளவு வேண்டியவங்க கடை பக்கத்துலயே இருக்கு. என்னை ஏன் இங்கே கூட்டிட்டு வந்தீங்க? அவங்ககிட்ட என்னைக் காட்ட வெக்கமா, என்கிட்ட அவங்களைக் காட்ட வெக்கமா?"

"ரெண்டும் இல்லை."

சொல்லும்போதே, இரண்டும்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஐஸ்கிரீமை முடிக்காமல் எழுந்தாள்.

மறுநாள் அண்ணன் போன் செய்தார். "வேணாம்னுட்டாங்க. நீ சமையல்கட்டுக்குள்ள பூந்தியாமே?"

"அதனாலயா வேணாங்கறாங்க?"

"அதைச் சொன்னப்போ சிரிச்சாங்களாம்டா. காரணம் வேற ஏதோ. எனக்கு விளங்கலை. நமக்கு ஏதுடா அக்கா?"

மதியம் கடைக்குப் போனான். தட்டை எடுக்கக் கையை நீட்டினான்.

"உக்காருங்க சார். கொண்டுவந்து தர்றோம்."

மாமா கல்லாவில் எதையோ தேடினார். அவன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். அக்கா எதிரில் வந்து நின்று கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"சூப் இருக்கு, மீன் இருக்கு, முட்டை இருக்கு. என்ன சாப்பிடறீங்க?"

அந்தக் கடையில் யாரும் அவனை அதைக் கேட்டதில்லை. யோசித்தான். என்ன வேண்டும் என்று தெரியவில்லை.

"நீயே ஏதாவது குடுக்கா."

"எனக்கு எப்படிங்க தெரியும், உங்களுக்கு என்ன புடிக்கும்னு?"

"சூப்" என்றான்.

போகும்போது மாமாவிடம் குனிந்து, "எவ்வளவு நாள் மாமா இப்படி இருக்கும்?" என்று கேட்டான்.

"என் தங்கச்சிகூட அவ பேசி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?"

"எத்தனை?"

"எனக்கும் தெரியாது. எண்றதை விட்டுட்டேன்." மாமா கல்லாப் பெட்டியைத் திறந்து அவனுடைய வீட்டுச் சாவியை எடுத்து மேலே வைத்தார். "குடுக்கச் சொன்னா."

அவனுக்கும் ரோஷம் உண்டு. எதற்கு இங்கே மானம் கெட வேண்டும், சாப்பாடுதானே என்று ஒரு வாரம் மஞ்சள் போர்டுக்குப் போனான். குறை சொல்ல ஒன்றுமில்லை. சூடாக இருந்தது, சுத்தமாக இருந்தது, கேட்டது வந்தது. கல்லாவில் இருந்த பெண் அவன் போன் நம்பரைத் தட்டிவிட்டு அவனுடைய முழுப் பெயரைச் சொல்லி நன்றி சொன்னாள். யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தான்.

வாரக் கடைசியில் மேனேஜர் மேசை மேசையாகச் சிரித்துக்கொண்டு வந்தார். அவனிடமும் வந்தார். சமையல்கட்டுக்குள் நுழைந்ததற்கு இன்னும் ஏதாவது சொல்வாரோ என்று அவன் உடம்பைக் குறுக்கினான்.

"வாங்க சார்" என்றார் மேனேஜர். "நம்ம கடைக்கு முதல் தடவையா வர்றீங்களா?"

அவன் முகத்தை உற்றுப் பார்த்துத்தான் கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே நினைவில்லை.

மறுநாள் அவன் அக்கா கடைக்கே போய்விட்டான். உட்காருங்க சார் என்றாள். உட்கார்ந்தான். அதற்கடுத்த நாளும் போனான். அவன் உள்ளே வரும்போது அவள் தோள் விறைப்பதையும், மற்றவர்களைத் திட்டிக்கொண்டிருக்கும் குரல் அவன் மேசைக்கு வரும்போது கீழே இறங்குவதையும் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். இந்த ஊரில் அவள் ஒருத்தி மட்டும் அவன் செய்ததை மறக்கவில்லை. அதுவும் ஒரு கவனிப்புதான் என்று சொல்லிக்கொண்டான். அதைவிட்டால் போவதற்கு வேறு இடமில்லை.

சில நாள் பொறுத்துப் பார்த்தான். ஒருநாள் பொறுக்கவில்லை. கடை நிறைந்திருந்த நேரம். பக்கத்து மேசையில் செக்யூரிட்டிக்காரன். அக்கா சூப்பை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்ன சூப் இது? ஆறிப்போய்க் கிடக்கு" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

கிண்ணத்திலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். இப்போது வரும் என்று காத்திருந்தான். கண்ணு அவிஞ்சுபோச்சாடா என்று வரும். கரண்டிக் காம்பு மணிக்கட்டில் விழும். கையைக்கூட மேசைமேல் நீட்டித்தான் வைத்திருந்தான்.

அக்கா வந்து கிண்ணத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் யாரிடமும் தணிந்து போய் அவன் பார்த்ததில்லை.

"மன்னிச்சுக்குங்க சார். வேற கொண்டுவர்றேன்."

எடுத்துப்போய் இன்னொன்று கொண்டுவந்தாள். கொதித்தது. "இது சரியா இருக்கா பாருங்க சார்."

அவன் ஒரு வாய் குடித்தான். நாக்கு வெந்துபோயிற்று.

"சரியா இருக்கு."

அவன் விழுங்கும்வரை நின்றாள். பிறகு பக்கத்து மேசைக்குத் திரும்பினாள். செக்யூரிட்டிக்காரன் தட்டை நகர்த்திவிட்டு எழப் பார்த்தான்.

"எங்கேடா ஓடறே? அந்த முட்டையை உங்கப்பனா வந்து திம்பான்? உக்காருடா எருமை" என்று கத்தினாள்.